முதலில் கழுவிய குடுவை

நீல நாடா ஒட்டிய குடுவையைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே பத்துப் பதினைந்து தடவை சொல்லிக்கொண்டிருந்தாள் மங்கையர்க்கரசி. அப்படியும் குடுவைகளை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கிற ஷேக்கரின் மூடியைத் திறந்தபோது கை சிவப்பு நாடாவின் பக்கம்தான் போயிற்று, விரல்கள் கண்ணாடிக் கழுத்தைத் தொட்ட பிறகே நின்றது, ஏதோ சூடானதைத் தொட்டுவிட்ட மாதிரி இழுத்துக்கொண்டது. இரண்டு குடுவையிலும் இருப்பது ஈஸ்ட், ரொட்டியை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட், இந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடி முழுக்க ரொட்டிக்கடை வாசம் அடிப்பது இதனால்தான். நீலத்தில் இருப்பது இயற்கை படைத்தபடியே இருக்கிற செல். சிவப்பில் இருப்பது அவள் கைவைத்த செல், ஒரே ஒரு புரதத்தில் ஒரே ஓர் இடத்தை மாற்றி, தன் டிஎன்ஏவை மற்றதைவிடப் பத்து நிமிடம் முந்தி நகலெடுக்கத் தொடங்குகிறது என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் உலகத்துக்குச் சொன்ன செல். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவள் இதுநாள்வரை குடியிருந்தாள். நீலத்தை எடுத்தாள். பாட்டிலில் ஊற்றி, செல்களைச் சுழற்றி அடியில் படிய வைத்துக் கழுவுகிற பழைய சென்ட்ரிஃப்யூஜின் ஒரு பக்கம் வைத்து, எதிர்ப்பக்கம் எடை சமனுக்குத் தண்ணீர் பாட்டிலை வைத்து மூடியை அழுத்தினாள், அது முதலில் முனகி, பிறகு ஊளையிட்டு, பிறகு தன் சத்தத்துக்குத் தானே பழகிக்கொண்டது. "என்ன மேடம், புதுசு குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப பழசுல போட்டுச் சுத்துறீங்க," என்றாள் ராக்கு, சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே. இருபத்தாறு வருஷமாக இந்த ஆய்வுக்கூடத்தின் அட்டெண்டர், எந்தப் பேராசிரியருக்கும் பயப்படாதவள். "அது என்ன புது மாமியாரா, தொட்டாக் குத்தமாயிருமா." மங்கையர்க்கரசி சிரிக்கப் பார்த்தாள். புதியதில் நான்கு பாட்டில் வைக்கலாம். நீலத்தையும் சிவப்பையும் ஒரே சமயத்தில் கழுவலாம். பழையதில் இரண்டுக்குத்தான் இடம், இரண்டு குடுவையும் சரியாக ஒரே எடையில் அமையாததால் அதில் ஒன்று தண்ணீருக்குப் போய்விடும், ஒன்றைக் கழுவி முடித்து அடுத்ததைக் கழுவ வேண்டும், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில், அந்தக் குளிர் ஊரில் அவளிடம் இருந்ததும் அதே ரகம்தான். அதனால்தான் இன்றைக்குப் பழையது.

போன வியாழக்கிழமை அந்தப் புது மெஷினைப் பூட்டிக் கொடுக்க வந்த கம்பெனி ஆள் கதவருகே நின்று "வணக்கம் மேடம்" என்றபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, உள்ளே வாங்க என்று கையைக் காட்டினாள். பெட்டியைப் பிரிக்கிற சத்தம், தெர்மக்கோல் கிறீச்சிடுகிற சத்தம், பிறகு ராக்குவிடம் நிதானமாக, "எதிர்ப்பக்கம் எடை சரியா இருக்கணும்க்கா, இல்லைன்னா ஆடிரும்," என்கிற குரல். அந்த 'ஆடிரும்'. திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்த அந்தக் குரலை இரண்டரை வருஷம் தினமும் கேட்டிருக்கிறாள். அருமைநாயகம். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தான், மீசையில் நரை, சட்டைப் பையில் கம்பெனிப் பெயர். அவளிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன், அவள் கேட்டுத் தேர்ந்தெடுத்து அந்தக் குளிர் ஊருக்கு வரவழைத்தவன், அவளே திருப்பி அனுப்பியவன். "எப்படி இருக்கீங்க" என்றாள், நீ என்று வாய் வரை வந்ததை மாற்றி. "நல்லா இருக்கேன் மேடம்." கையெழுத்து வாங்கினான், சர்வீஸுக்கென்று தன் போன் எண் அச்சடித்த ஸ்டிக்கரை மெஷின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் நீவிவிட்டான், போகும்போது திரும்பி, விற்கிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில், "இதுல ரெண்டு குடுவையையும் சேர்த்தே கழுவிடலாம் மேடம். முதல்ல எது, அப்புறம் எதுங்கற பேச்சே கிடையாது," என்றான். அவ்வளவுதான். ஐந்து ராத்திரியாக அந்த ஒரு வாக்கியம் அவளோடு படுத்து அவளோடு எழுந்தது. குத்திக் காட்டினானா, நாலு பாட்டில் கொள்ளும் என்பதைத்தான் சொன்னானா, அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொள்ளப் பழகிய முகமாகவும் அது இருக்கலாம்.

நீலம் கழுவியாயிற்று, புதுச் சாப்பாட்டுக் கரைசலில் ஊற்றி ஷேக்கரில் ஆட விட்டாயிற்று. பிறகு சிவப்பு. அதுவும் முடிந்தபோது ஸ்டாப்வாட்சை அழுத்தினாள், பூஜ்ஜியம், மணி இரண்டு இருபது. அப்போதும் இப்படித்தான், இரண்டும் முடிந்த பிறகுதான் பூஜ்ஜியம். அதில் என்ன தவறு இருக்க முடியும் என்று அப்போது தோன்றவே இல்லை, ஆளுக்கு இரண்டு கைதானே. கழுவி எடுக்கிறது ஒரு வாசனையை. எதிர்ப்பால் ஈஸ்ட் அனுப்புகிற வாசனை, அதைக் குடுவையில் கலந்துவிட்டால் செல்கள் எல்லாம் பிரிவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் துணை வந்திருக்கிறது என்று நம்பி, அந்தப் பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு பேரிக்காய் வடிவில் காத்திருக்கும், இரண்டு மணி நேரம், கோடிக் கணக்கில். முதன்முதலில் இதை விளக்கியபோது ராக்கு, "பாவமுல்ல மேடம், மாப்பிள்ளை வாரான்னு மணவறையில உக்கார வச்சு ஏமாத்துறீங்க," என்று கேட்டது இப்போது நினைவு வந்தது. வாசனையைக் கழுவிவிட்டால் ஏமாந்தது தெரிந்தோ என்னவோ எல்லாம் ஒன்றாக வேலையைத் தொடங்கும். தொடங்கும் என்று சொல்வதும் சரியில்லை. எது தொடக்கம். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் டிஎன்ஏ முழுவதையும் ஒரு தடவை நகலெடுத்தாக வேண்டும், ஒரே ஒரு தடவை, துண்டுகூட மிஞ்சவும் கூடாது, இரண்டாம் தடவை எடுக்கவும் கூடாது. எங்கெங்கே தொடங்குவது என்று அந்த நீண்ட இழையில் நூற்றுக்கணக்கான இடங்கள் குறித்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் செல் சும்மா இருக்கிற மாதிரித் தோன்றும் நேரத்தில் அந்த இடங்களில் வளையம் வளையமாகப் புரதங்கள் வந்து, இரண்டிரண்டாக, ஒன்றின் தலையோடு ஒன்று முட்டினாற்போல இழையைச் சுற்றிக் கொக்கி போட்டுக்கொள்கின்றன. போட்டுக்கொண்டு ஒன்றும் செய்வதில்லை. காத்திருக்கின்றன. அதுதான் அனுமதி. நகலெடுப்பு அப்புறம்தான், ஒரு நொதி மெல்ல மெல்ல ஏறி, ஓர் அளவைத் தாண்டும்போது வந்து வளையங்களைத் தட்டி எழுப்புகிறது, இழை பிரிகிறது, வேலை ஓடுகிறது. தட்டி எழுப்புகிற அதே நொதிதான் புதிதாக ஒரு வளையமும் ஏறிவிடாதபடி தடுத்தும் விடுகிறது. இருபது வருஷம் இதைப் பாடம் நடத்தியிருக்கிறாள், கரும்பலகையில் வளையங்களை வரைந்து, இதன் அழகைப் பாருங்கள் என்று, தொடங்கு என்று சொல்கிற கையே அனுமதி கொடுக்கிற அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்று. பிள்ளைகள் அழகாக எழுதிக்கொள்வார்கள்.

ஐந்தாம் நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்க வைத்திருந்த மணி அடித்தது, இரண்டு குடுவையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் எரிசாராயத்தில் விட்டாள், நாளைக்கு வேறொரு மெஷின் அதன் டிஎன்ஏவை அளக்கும், ஆனால் நாளை வரைக்கும் தேவையில்லை, நகல் தொடங்குகிற அதே சமயத்தில் செல்லின் தோளில் சின்னதாக ஒரு மொட்டு முளைக்கும், அதை மைக்ரோஸ்கோப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். அப்போது சிவப்பு இருபதாம் நிமிடத்தில் மொட்டு விட்டது, நீலம் முப்பதில். மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் இருபது, முப்பது. மூன்று தடவையும் சிவப்பை முதலில் கழுவினாள். அது யாரும் போட்ட விதி இல்லை, தன்னுடையதை முதலில் எடுப்பாள், அவ்வளவுதான், பந்தியில் தன் பிள்ளைக்குக் கை முதலில் நீளுகிற மாதிரி. அவன்தான் கேட்டான். ஒரு சாயங்காலம், வெளியே பனி கொட்டி ஜன்னல் பாதி மூடியிருந்தது, மற்றவர்கள் போன பிறகு அவர்கள் இருவரும் தமிழில் பேசிக்கொள்கிற நேரம். "மேடம், ஒரு தடவை வரிசையை மாத்திப் பாப்போமா." எந்த வரிசை என்று கேட்டாள். "நீலத்தை முதல்ல கழுவிப் பாப்போம். ஏன்னா மேடம், ஒண்ணைக் கழுவப் பத்து நிமிஷம் ஆகுது, நாம பூஜ்ஜியம்னு சொல்றப்ப சிவப்பு ஏற்கெனவே பத்து நிமிஷம் ஓடியிருக்கு." கட்டுரை அச்சுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எட்டாம் வகுப்பு வரை தமிழில் உயிரணு என்று படித்துவிட்டு, பிறகு கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் சேர்ந்து அதையே ஆங்கிலத்தில் படித்தவள், கருணைக்குத் தமிழும் கோபத்துக்கு ஆங்கிலமும் என்று அப்போதே பிரிந்துபோயிற்று, ஆங்கிலத்தில் கோபித்தால் அது கோபம் மாதிரியே இருக்காது, ஒழுங்கு மாதிரி இருக்கும். என்ன சொன்னாள் என்று அப்படியே நினைவில்லை, சந்தேகம் இருந்தால் வாயால் சொல்லாதே, முறையாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வா என்கிற மாதிரி ஏதோ. பிறகு அவன் கொடுத்த எண்களில் அவளுக்குக் குறைகள் தெரிய ஆரம்பித்தன. பிறகு அந்தக் கடிதம், ஆறு வரி, ஆண்டுப் பரிசீலனைக் குழுவுக்கு, கவனமாக, மரியாதையாக: இவரிடம் ஆர்வம் உண்டு, ஆனால் நம்பி வேலையை ஒப்படைக்கக்கூடிய கைகள் அல்ல. கைகள். மூன்றாம் வருஷத்தின் நடுவில் அவன் ஊருக்குத் திரும்பினான். விமான நிலையத்துக்குப் போகலாமா என்று நினைத்தாள், அன்றைக்கு ஏதோ கூட்டம்.

பத்து. இரண்டிலும் மொட்டு இல்லை, பேரிக்காய்கள்தான். இந்த நினைப்பெல்லாம் வந்து நெஞ்சில் ஒரு பக்கமாகச் சாயும்போது எதிர்ப்பக்கத்தில் வைக்க அவளிடம் ஒன்று இருந்தது, அந்தத் தண்ணீர் பாட்டில் மாதிரி, பன்னிரண்டு வருஷமாக அதை வைத்துத்தான் ஆடாமல் ஓடியிருக்கிறாள். ஒரு காகிதம். அவன் எழுதிய ஏதோ ஒரு பக்கம், ஆங்கிலம் தட்டுத்தடுமாறி இருந்தது, அவள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சிவப்பு மையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நேராக்கி, ஓரத்தில் ஏன் என்று காரணமும் எழுதி, மறுநாள் அவன் மேசையில் வைத்தாள். வேறெந்த மேற்பார்வையாளரும் அப்படிச் செய்யமாட்டார். கெட்டவளாக இருந்திருந்தால் அப்படி உட்கார்ந்திருப்பாளா. சிவப்பு மை கையில் ஒட்டி, கழுவியும் போகாமல், அன்றைக்கு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடும்போது விரல் நுனிகள் சிவப்பாகத் தெரிந்தது வரைக்கும் நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் எதைப் பற்றி என்பதுதான் நினைவில்லை. ஏதாவது வாராந்திர அறிக்கையாக இருக்கும். "அந்தத் தம்பி நல்ல பிள்ளை மேடம்," என்றாள் ராக்கு திடீரென்று, அவள் மண்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டவள் மாதிரி. "எந்தத் தம்பி." "அதான், மெஷின் கொண்டாந்துச்சே. நான் மூடுறப்ப டொப்புனு மூடுனேன், ஒரு வார்த்தை வையலை. கையைப் பிடிச்சு இப்படி மூடுங்கக்கான்னுச்சு. இங்க வர்ற படிச்ச பிள்ளைக எல்லாம் ஒரு குழாய் உடைஞ்சா என்னமோ தாலி அறுந்த மாதிரில்ல கத்துதுக. கை பதமான கை மேடம் அதுக்கு." பதமான கை. வெளியே மயில் ஒன்று கழுத்தை நெரித்த மாதிரிக் கத்தியது, வளாகம் முழுக்க மயில்கள், வெயிலில் அவற்றுக்கும் தொண்டை காய்ந்திருக்கும்.

பதினைந்தில் ஒன்றுமில்லை. சிவப்பு உண்மையாகவே முந்துகிற ஜாதி என்றால், கடைசியில் கழுவினாலும் ஓடிவந்து நீலத்தை எட்டிப் பிடித்துவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தாவது மொட்டு விட வேண்டும், அப்படி விட்டால் போதும், இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பாள், தூங்குவாள், அவன் சொன்னது வெறும் பாட்டில் கணக்குத்தான் என்று ஆகிவிடும். சேர்ந்து விடட்டும், சேர்ந்து விடட்டும் என்று உதடு அசைவதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள், முப்பது வருஷமாகக் கோயிலில்கூட இப்படி வேண்டியதில்லை, யாரிடம் வேண்டுகிறோம், ஈஸ்டிடமா. இருபதாவது நிமிட மணி. நீலத்திலிருந்து ஒரு துளி, கண்ணாடித் துண்டு, மேலே மூடி, எண்ணெய் ஒரு சொட்டு. கண்ணை வைத்தாள். முதலில் தன் கண்ணிமைதான் தெரிந்தது, கறுப்பு மயிர்கள் பெரிதாக, பிறகு திருகைத் திருப்பத் திருப்ப மங்கலிலிருந்து செல்கள் எழுந்து வந்தன, ஒவ்வொன்றின் தோளிலும் கடுகு மாதிரி ஒரு புடைப்பு. மொட்டு. எண்ணினாள். எண்ணுகிற கருவியைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே போயிற்று, டிக், டிக், மொட்டு விட்டது, விட்டது, விடாதது, விட்டது. சிவப்பின் துளியை வைத்தாள், வழவழவென்று, ஒன்றிலும் இல்லை. ஒளியைக் கூட்டிப் பார்த்தாள், துண்டை மாற்றிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இருபத்தைந்தில் நீலம் முழுக்க மொட்டு, சிவப்பு அப்படியே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. முப்பதில் சிவப்பு மொட்டு விட்டது. அதே இருபது, அதே முப்பது. நிறம் மட்டும் இடம் மாறியிருந்தது. அந்தச் செல்லில் விசேஷம் எதுவும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, முதலில் கழுவிய குடுவை முதலில் மொட்டு விட்டிருக்கிறது, இவ்வளவுதான், ராக்குவிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, பசிதான் வந்தது, கேவலமான பசி, ரொட்டி வாசத்துக்கு. எங்கே தொடங்கியது இது. கடிதம் எழுதிய நாளா, இல்லை, கடிதம் அப்புறம் வந்தது. அந்தப் பனிச் சாயங்காலத்தில் ஆங்கிலத்தில் பதில் சொன்னபோதா, அதற்கும் முன்பே வளையம் ஏறியிருக்கிறது, முதல் நாள் முதல் குடுவையைத் தன்னுடையது என்று கை எடுத்தபோதே, அல்லது அதற்கும் முன்பு கன்னியாஸ்திரிகளின் பள்ளியில், தப்பாகச் சொன்ன பிள்ளைகள் எழுந்து நின்ற வகுப்பில், இனி ஒருநாளும் எழுந்து நிற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்ட பெண்ணிடமே. சும்மா இருக்கிற மாதிரித் தோன்றிய காலம் முழுக்க அது இழையைச் சுற்றிக் கொக்கி போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறது. பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் பூஜ்ஜியம் எங்கும் அகப்படவில்லை, போகிற இடமெல்லாம் ஏற்கெனவே பத்து நிமிடம் ஓடியிருந்தது.

முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து. கை எடுத்துக்கொண்டிருந்தது, விட்டுக்கொண்டிருந்தது. ஐம்பதாம் நிமிட மணியை நிறுத்திவிட்டு, புது மெஷினின் முன்னால் போய் நின்று ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். இரண்டாவது மணியில் எடுத்தான். பஸ் ஸ்டாண்டு இரைச்சல், வத்தலக்குண்டு வத்தலக்குண்டு என்று ஒருவன் கூவினான். "வணக்கம் மேடம், சொல்லுங்க. மெஷின்ல சத்தம் எதும் வருதா." "இல்ல. அதை இன்னும் தொடவே இல்ல." மெஷினின் மூடியில் கையை வைத்தாள். "வரிசையை மாத்திப் பாத்தேன் நாயகம்." இரைச்சல் குறைந்தது, எங்கோ ஓரமாக நகர்ந்திருக்கிறான். "நீலம் முதல்லயா மேடம்." "ஆமா." "இருபதுல வந்துருக்கும்." "இருபதுல வந்துருச்சு. சிவப்பு முப்பது." "ம். அங்கயும் அப்படித்தான் வந்துச்சு." "எங்க." "அங்கதான் மேடம். நீங்க கான்ஃபரன்ஸ் போயிருந்த வாரம் ரெண்டு தடவை செஞ்சேன்." அவளுக்குக் கோபம்கூட வந்தது, பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைத்த மாதிரி. "அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை நீ." "எழுதிக் குடுத்தேனே மேடம். இங்கிலீஷ்ல எழுதிட்டு வான்னீங்கல்ல. ஒரு பக்கம். நீங்க சிவப்பு மையில திருத்தி மறுநாள் மேசையில வச்சிருந்தீங்க." அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "நல்ல திருத்தம் மேடம் அது. இன்னிக்கும் கம்பெனிக்கு மெயில் போடுறப்ப அப்படித்தான் எழுதுறேன்." தண்ணீர் பாட்டிலை யாரோ உருவிக்கொண்டார்கள். சிவப்பு மை பட்ட விரல்கள், ஜன்னலில் பனி, ஒவ்வொரு வாக்கியமாக நேராக்கிக்கொண்டே போகிறாள், நீலத்தை முதலில் கழுவினால் நீலம் முந்துகிறது என்கிற வாக்கியத்தையும் நேராக்கியிருக்கிறாள், அது என்ன சொல்கிறது என்று பார்க்காமலே. "நான் எழுதிடறேன்," என்றாள். "பத்திரிகைக்கு, அந்தக் குழுவுக்கு, எல்லாருக்கும். தப்பு என்னோடதுன்னு. முதல்ல கண்டுபிடிச்சது நீன்னு உன் பேரைப் போட்டு." "எழுதுங்க மேடம். நல்லதுதான்." என்றான். "எம்பேரு மட்டும் வேண்டாம்." "ஏன்." "வீட்ல தெரியாது மேடம். நான் முடிச்சிட்டுத்தான் வந்தேன்னு சொல்லித்தான் பொண்ணு பாத்தாங்க. மக இப்ப அஞ்சாவது, எங்கப்பா வெளிநாட்டுல டாக்டரேட்டுன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கு. பேரு வந்தா, ஏன் பாதியில வந்தீங்கன்னு கேக்கும்." வத்தலக்குண்டுக்காரன் விசில் ஊதினான். "வண்டி எடுக்கறான் மேடம். அந்த மூடியை மட்டும் மெதுவா மூடச் சொல்லுங்க, ராக்கக்கா டொப்புனு போடுறாங்க."

போன் கையில் சூடாக இருந்தது. அனுமதி அறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை சிரிக்க வைத்திருக்கிறாள், இந்தச் சுற்றில் இனி யார் வந்து கதவைத் தட்டினாலும் திறக்காது, கொடுக்க வந்தாலும் வாங்க ஆளில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வந்து தட்டியபோது அந்த அறையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். மைக்ரோஸ்கோப்பின் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது, அதன் கீழே ஆயிரக்கணக்கில் தொடங்கிவிட்டிருந்தன, ஒன்றாவது திரும்பிப் போய்க் காத்திருக்கப் போவதில்லை. "யாரு மேடம், அந்தத் தம்பியா," என்று கேட்டாள் ராக்கு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "என்ன சொல்லுச்சு." "மூடியை மெதுவா மூடணுமாம்." "அதான் அன்னைக்கே சொல்லுச்சே," என்றாள் ராக்கு. ஐம்பத்தைந்தாம் நிமிட மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. "மேடம், அடிக்குது பாருங்க." அவள் பிப்பெட்டை எடுத்துக்கொண்டு ஷேக்கரின் மூடியைத் திறந்தாள், கை சிவப்பு நாடாவின் பக்கம் போயிற்று.